மடக்குக் கதவுக்கு மூன்று பட்ஜெட்

எங்கள் கராஜுக்கு ஒரு கதவு வாங்குவதற்காக நான் மூன்று முறை பட்ஜெட் போட்டேன். மூன்றாவது முறைதான் கதவு வந்தது. வந்தபோது, அதற்காகக் காத்திருந்த என் தம்பிக்கு அதனால் பயன் ஒன்றும் இருக்கவில்லை. அதற்குக் காரணம் நான். பூசி மெழுகாமல் இதை எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருக்கிறேன். தம்பி இப்போது இல்லை. நான் சிங்கப்பூரில், பிடோக்கில் மகன் வீட்டில் இருக்கிறேன். மாலையில் இந்த மாடியில் ஒவ்வொரு வீட்டு இரும்புக் கதவும் இழுத்துச் சாத்தப்படும் சத்தம் வரிசையாகக் கேட்கும். அப்போதெல்லாம் எனக்கு அந்தக் கராஜின் ஞாபகம் வந்துவிடுகிறது.

கராஜ் என்று நாங்கள் சொன்னது சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், ஒரு சந்தில் இருந்த பழைய மாட்டுக் கொட்டகை. மாடுகள் போய் வெகுகாலம் ஆகியிருந்தாலும் மழை பெய்தால் தரையிலிருந்து அந்த வாடை மெல்ல எழும். அப்பா லாரி ஓட்டியவர். தன் லாரியை நிறுத்துவதற்காக அதை வாடகைக்குப் பிடித்தார். அவர் காலமான பிறகு தம்பி அங்கே கார் பழுது பார்க்க ஆரம்பித்தான். பள்ளிக்கூடம் அவனுக்குப் பிடிக்கவில்லை. அதில் என் தவறு ஏதும் கிடையாது. நான் சீனியர் கேம்பிரிட்ஜ் வரை படித்து, ஆற்றோரம் ஒரு வணிகக் கம்பெனியில் கிராணியாக இருந்தேன். டைப் அடிப்பேன், கணக்கு எழுதுவேன். வீட்டில் காசு சம்பந்தப்பட்ட எதுவும் என் கை வழியாகத்தான் போகும். தம்பி வாரக் கடைசியில் எண்ணெய் படிந்த நோட்டுகளைக் கொண்டுவந்து என்னிடம் கொடுப்பான். எவ்வளவு என்று எண்ணிக்கூடச் சொல்ல மாட்டான். நான் அதை அஞ்சலகத்தில் என் பெயரில் இருந்த சேமிப்புக் கணக்கில் போடுவேன்.

கராஜுக்கு இரண்டு பெரிய மரக் கதவுகள். மாடுகள் ஒன்றாக நுழைவதற்கு ஏற்ற அகலம். ஒரு வருடம் பெருமழையும் கடல் ஏற்றமும் ஒரே நாளில் சேர்ந்துகொண்டு, ரோச்சோர் கால்வாய் பொங்கி, ஜாலான் புசாரிலிருந்து எங்கள் சந்து வரை இடுப்பளவு தண்ணீர் நின்றது. தண்ணீர் வடிந்தபோது இடது பக்கக் கதவு அடிப்பாகம் உளுத்துப்போய், கீலோடு சுவரிலிருந்து கழன்று வந்துவிட்டது. அன்றிலிருந்து அந்தக் கதவைத் தூக்கிச் சாத்தி வைத்து, சங்கிலி சுற்றி, உள்ளே அதை ஒட்டி ஒரு கேன்வாஸ் கட்டிலைப் போட்டுத் தம்பி படுத்துக்கொள்வான். யாராவது தள்ளினால் கதவு அவன் மேல்தான் விழும். வாடிக்கைக்காரர்களின் கார்கள் உள்ளே நிற்கும். பேட்டரியும் டயரும் களவு போய் சுங்கை ரோட்டுத் திருட்டுச் சந்தையில் விலைக்கு வந்துவிடும் காலம் அது. ஒரு டயர் போனால் அந்த மாத வரும்படி போச்சு. அதனால் அந்தக் கராஜுக்குத் தாழ்ப்பாள் என் தம்பிதான்.

நாங்கள் மற்றவர்கள் கொஞ்ச தூரத்தில் ஒரு கடைவீட்டின் மாடியில், இரண்டு அறைகளில் குடியிருந்தோம். அம்மா, நான், என் மனைவி. கீழே மிளகாயும் மல்லியும் அரைக்கும் மில். மாடிப்படி ஏறி வருகிறவர்கள் யாராக இருந்தாலும் தும்மிக்கொண்டுதான் வருவார்கள். தும்மலின் தினுசைக் கேட்டே வருவது யார் என்று அம்மா சொல்லிவிடுவார். இப்போதும் தேக்கா பக்கம் போய் எங்காவது மிளகாய் வறுக்கும் நெடி வந்தால் என் மூக்கு முதலில் சந்தோஷப்படுகிறது, பிறகுதான் தும்முகிறது.

தம்பிக்குப் பெண் பார்க்கத் தொடங்கியது சுயாட்சி வந்த சமயம். பெண்ணின் அப்பா துறைமுகத்தில் தண்டல். கூலிகளை வேலை வாங்கும் மேலாள். புக்கிட் மேரா பக்கம் குடியிருந்தார். அம்மாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக வந்த இடம். அவர் எங்கள் வீட்டுக்கு முதல்முதலாக வந்த அன்று படியில் மூன்று தும்மல் போட்டுவிட்டுத்தான் மேலே வந்தார். கூட வந்திருந்த உறவுக்காரருக்கு முகம் சுருங்கியது.

“இந்த வீட்டுல தும்மலுக்குச் சகுனம் பாத்தா ஒரு நல்ல காரியமும் நடக்காதுங்க” என்றார் அம்மா. “எங் கல்யாணப் பேச்சுக்கு வந்தவங்க இங்க வந்திருந்தா நான் இன்னும் கன்னியாத்தான் இருந்திருப்பேன்.”

தண்டல் வாய்விட்டுச் சிரித்தார். பெரிய மீசை, பெரிய குரல், நல்ல மனிதர். காப்பி குடித்து முடித்துவிட்டு, மாப்பிள்ளை என்ன தொழில், எவ்வளவு வரும் என்றெல்லாம் என்னிடம் விசாரித்தார். நான் சொன்ன பதில்களெல்லாம் அவருக்குப் பிடித்தன. பிறகு சாதாரணமாகத்தான் கேட்டார்:

“மாப்பிள்ளைத் தம்பி ராத்திரி எங்க படுக்கிறாரு? ரூம்பு ரெண்டுதான இருக்கு?”

“கராஜுலதாங்க. கதவு சரியில்ல. ஆளு இல்லன்னா சாமான் போயிடும்” என்றார் அம்மா.

“கல்யாணத்துக்கு அப்புறமும்?”

தம்பி மாடிப்படியின் மேல் முனையில், கழுவியும் கறை போகாத கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

“கதவுக்குப் பதிலா நிக்கிற ஆளுக்கு எம் பொண்ணக் குடுக்க முடியுமாங்க?” என்றார் தண்டல், சிரித்தபடியே. பிறகு என்னைப் பார்த்து, “நீங்க படிச்சவரு. நான் சுத்தி வளைக்கல. தம்பி நல்ல தம்பி, எனக்குப் புடிச்சிருக்கு. கதவ மாட்டுங்க. மறுநாளே பரிசம் போட்டுக்கலாம்” என்றார்.

இப்படித்தான் என் தம்பியின் கல்யாணம் ஒரு கதவின் விலைக்கு வந்து நின்றது.

அடுத்த வாரமே முதல் பட்ஜெட் தயாராகிவிட்டது. மதிய உணவு நேரத்தில் ஆபீஸ் டைப்ரைட்டரில் அடித்தேன். மரக் கதவு வேண்டாம், அடுத்த வெள்ளத்தில் மறுபடியும் உளுத்துவிடும் என்று முடிவு செய்திருந்தோம். கடைகளில் இருப்பதுபோல இரும்பு மடக்குக் கதவு. இரண்டு பக்கமும் இழுத்தால் விரியும், தள்ளினால் மடங்கும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஆட்டுக்கறிச் சாப்பாட்டுக்குப் பிறகு, பாயில் எல்லாரையும் உட்காரவைத்துப் படித்தேன். மந்திரி என்ற சொல் எல்லார் வாயிலும் புதிதாகப் புழங்கிய காலம் அது.

“வந்துட்டாருலா நம்ம நிதி மந்திரி” என்றான் தம்பி. “எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்க.”

கதவு இவ்வளவு, மேலும் கீழும் பதிக்கும் தண்டவாளம் இவ்வளவு, கொத்தனார் கூலி, சிமெண்டு, லாரி வாடகை, பூட்டு, தேங்காய் எலுமிச்சம்பழம். கடைசி வரியில் ‘எதிர்பாராத செலவு’ என்று இருபது வெள்ளி போட்டிருந்தேன்.

“எதிர்பாராத செலவுன்னு முன்னாடியே எழுதி வெச்சிருக்கியே” என்றார் அம்மா. “அப்புறம் அது எப்படிடா எதிர்பாராதது?”

“ஆபீஸ்ல அப்படித்தாம்மா போடுவாங்க.”

“உங்க ஆபீஸ்ல எல்லாம் வெள்ளக்காரன் காசு. எத வேணாலும் எதிர்பாக்கலாம்.”

என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். மொத்தம் என் ஒரு மாதச் சம்பளத்துக்கும் கொஞ்சம் மேலே வந்தது. எட்டு மாதத்தில் சேர்த்துவிடலாம் என்று விளக்கினேன். அப்போதுதான் தம்பி தொண்டையைச் செருமிக்கொண்டு ஒன்று சொன்னான்.

“அண்ணே, ஜாலான் புசார் இரும்புக் கடைத் தவுக்கே இருக்காருல்ல, அவரு லாரிய நான்தான் பாக்கறேன். அவருகிட்ட சும்மா கேட்டேன். இப்பவே மாட்டித் தர்றேன்னுட்டாரு. மாசா மாசம் குடுத்தாப் போதுமாம்லா.”

“எழுதிக் குடுத்தாரா?”

“எழுத்தா? அவரு லாரி ஓடுதுல்லண்ணே. அதான் எழுத்து.”

அம்மாவுக்கு அந்தச் சீன முதலாளி சொன்னது சரியென்று பட்டது. எனக்குப் படவில்லை. கடனில் வாங்குவதற்குப் பட்ஜெட் எதற்கு என்றேன். எங்கள் ஆபீஸில் ஒரு பெட்டி ஆணி வாங்குவதானாலும் மூன்று கடையில் விலை கேட்டு எழுதி வாங்கி, ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவோம் என்றேன். கதவும் அப்படித்தான் வாங்க வேண்டும். தம்பி சரியென்று தலையாட்டினான். கல்யாணத்துக்காகக் கதவை அவசரப்படுத்துகிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற கூச்சம் அவனுக்கு. தன் கல்யாணத்தைப் பற்றி ஒரு தம்பி அண்ணன் எதிரில் வாய் திறக்கிற வழக்கம் எங்கள் வீடுகளில் கிடையாது. பெண்ணைப் பெற்றவரும் மாப்பிள்ளையிடம் நேரில் கேட்க மாட்டார். அந்தப் பக்கப் பேச்சு, இந்தப் பக்கப் பேச்சு இரண்டும் என் வாய் வழியாகத்தான் போய்வர வேண்டும். அதை நான் ஒரு கௌரவமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று கடைகளில் விலை கேட்டு வாங்க இரண்டு மாதம் ஆயிற்று. தம்பியும் நானும் சனிக்கிழமை மத்தியானங்களில் ஜாலான் புசாரில் கடை கடையாக ஏறி இறங்கினோம். இரும்புச் சங்கிலிகள் வாழைத்தார்போலத் தொங்கும் கடைகள். அவன் மலாயில் பேரம் பேசுவான், நான் குறித்துக்கொள்வேன். ஒருவர் விலையைச் சீன எழுத்தில் மட்டுமே எழுதிக் கொடுத்தார். அதை எங்கள் ஆபீஸ் சீனக் கிராணியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னால், அதில் கதவின் விலையோடு ‘இந்த இந்தியர் அதிகம் கேள்வி கேட்கிறார்’ என்றும் குறித்திருந்ததாம். தம்பி அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொல்லிச் சிரித்தான். சுற்றி முடிந்ததும் அஞ்சடியில், கடை வாசல் நடைபாதையில், உட்கார்ந்து ஆளுக்கொரு கோப்பி. அவன் தட்டில் ஊற்றி ஊதிக் குடிப்பான். அந்தச் சனிக்கிழமைகள்தான் நானும் அவனும் ஒன்றாகச் சுற்றிய கடைசி நாட்கள். அப்போது அது எனக்குத் தெரியவில்லை. கடைசியில் மூன்றில் குறைந்த விலை அதே தவுக்கேயின் விலைதான்.

அதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. மறுபடியும் சந்தில் தண்ணீர் ஏறியது. இந்த முறை ஒரு வாடிக்கைக்காரரின் கார் இஞ்சின் தண்ணீரில் மூழ்கி வீணாகிவிட்டது. சேர்த்திருந்த பணம் அதற்குப் போனது. அதில் என்னைக் குற்றம் சொல்ல முடியாது என்று இருபது வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தம்பி சொன்னபடி அன்றே கதவு மாட்டியிருந்தால், அதன் அடியில் மணல் மூட்டை அடுக்கித் தண்ணீரைத் தடுத்திருக்கலாம். சாத்தி வைத்த மரக் கதவுக்குப் பின்னால் மூட்டை எங்கே நிற்கும்? இதையும் தம்பி ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை.

இரண்டாவது பட்ஜெட் போட்டேன். தண்டல் பொறுமையாக இருந்தார். “வெள்ளத்துக்கு யாரு என்ன பண்ண முடியும்? மெதுவா ஆகட்டும்” என்று சொல்லி அனுப்பினார். அடுத்து வந்த தைப்பூசத்தில், கூட்டத்தில், தம்பி அந்தப் பெண்ணைப் பார்த்தான். பார்த்தான் என்று அவன் சொல்லவில்லை. அம்மாவுக்கு யாரோ சொன்னார்கள். ஆனால் எங்களுக்கே தெரிந்தது. தம்பி நகத்தடியில் இருக்கும் கிரீஸைக் குச்சியால் நோண்டி எடுக்க ஆரம்பித்தான். கராஜ் வாசலின் இரண்டு பக்கச் சுவருக்கும், கதவு வரப்போகிற இடத்தில் மட்டும், சுண்ணாம்பு அடித்து வைத்தான். ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு வாசலின் அகலத்தை அளந்து, அந்தக் கயிற்றை ஆணியில் மாட்டி வைத்திருந்தான். பட்ஜெட் தாளில் அளவு இருக்கிறதே என்றேன். “இருக்கட்டும்ணே, தாளு நனைஞ்சிரும்” என்றான்.

அடுத்த வருட நடுவில் பணம் ஏறக்குறைய சேர்ந்துவிட்டது. அப்போது நான் அதை எடுத்தேன்.

இதற்கு நான் சொல்லிக்கொண்ட காரணங்களை எழுதுகிறேன். லண்டனிலிருந்து தபாலில் பாடம் அனுப்பிக் கணக்கியல் பரீட்சை நடத்துகிற ஏற்பாடு ஒன்று இருந்தது. கட்டணத்துக்குக் கடைசி நாள் நெருங்கியிருந்தது. அதில் தேறினால் சம்பளம் ஏறும், ஏறினால் குடும்பத்துக்குத்தானே நல்லது? மனைவி கர்ப்பமாக இருந்தாள். வருடக் கடைசியில் ஆபீஸில் போனஸ் தருவார்கள், அதில் திருப்பிப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கணக்கு என் பெயரில்தான் இருந்தது. கேட்டிருந்தால் தம்பி ‘எடுத்துக்கண்ணே’ என்றுதான் சொல்லியிருப்பான். நான் கேட்கவில்லை. கேட்டால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

போனஸ் வந்தது, பாதியாக. அதுவும் பிரசவச் செலவில் கரைந்தது.

மகன் பிறந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. ஒரு சனிக்கிழமை மத்தியானம் படியில் அந்தப் பெரிய தும்மல் கேட்டது. அம்மா கோயிலுக்குப் போயிருந்தார். மனைவி உள்ளறையில் பிள்ளையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். தண்டல் மேலே வந்து உட்கார்ந்து, கக்கத்தில் வைத்திருந்த பழுப்புக் காகிதப் பொட்டலத்தை என் முன்னால் நகர்த்தினார்.

“கொசுவலைங்க. பொண்ணு தைச்சது. ‘கராஜுல தனியாப் படுக்கிறாரே, கொசு கடிக்காதாப்பா’ன்னு ரெண்டு மூணு தரம் கேட்டிருச்சு. கதவு வர்ற வரைக்கும் கொசுவாவது கடிக்காம இருக்கட்டுமேன்னு எடுத்துட்டு வந்தேன். நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க, தம்பி வெக்கப்படுவாரு. நீங்களே வாங்கினதா வெச்சுக்கட்டும்.”

பிரித்துப் பார்த்தேன். நல்ல வெள்ளை வலை. ஓரம் முழுக்க நீலத் துணியை மடித்து, சின்னச் சின்னத் தையலாகப் போட்டிருந்தது.

“சரி, சொல்லுங்க” என்றார் அவர். “கதவு எந்த மட்டுல இருக்கு? போன தடவ, தீபாவளிக்குள்ளன்னு சொன்னீங்க. எனக்கு அவசரமில்ல. வீட்டுல பொம்பளைங்கதான். ஜோகூர்லேருந்து ஒரு எடம் வந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க. நான் உங்களுக்கு வாக்குக் குடுத்தவன். ஒரு மாசம், ரெண்டு மாசம்னு நீங்க ஒரு வார்த்த சொல்லிட்டாப் போதும், நான் அவங்கள அடக்கிருவேன்.”

ஒரு மாதம் என்று சொல்லியிருக்கலாம். தவுக்கேயிடம் அன்றைக்கே போய் மாதத் தவணைக்குக் கதவு கேட்டிருக்கலாம். ஆனால் ‘சேர்ந்த பணம் எங்கே?’ என்று வீட்டில் கேள்வி வரும். இல்லாவிட்டால், பணத்தை நான் எடுத்துவிட்டேன் என்று அவரிடமே சொல்லியிருக்கலாம். சிரித்துவிட்டு அந்த மனிதர் தானே கதவை வாங்கிப் போட்டிருந்தாலும் ஆச்சரியமில்லை. இவையெல்லாம் பிறகு தோன்றியவை. அப்போது அவர் என்னைப் ‘படிச்சவரு’ என்று சொன்னது மட்டும்தான் என் காதில் இருந்தது. நான் சொன்னது இதுதான்:

“பணம் பெரிசில்லீங்க. தம்பிதான் இன்னும் கொஞ்ச நாள் போகட்டுமேன்னு சொல்றான்.”

“கதவா? கல்யாணமா?”

“எல்லாமுந்தான்.”

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். கீழே மில் ஓடிக்கொண்டிருந்தது.

“அப்படிச் சொன்னாரா” என்றார். பிறகு எழுந்தார். “நல்லதுங்க. இஷ்டமில்லாத எடத்துல புடிச்சு இழுக்கக் கூடாது.”

நான் பொட்டலத்தை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

“குடுத்தத வாங்கிட்டுப் போற பழக்கம் இல்லீங்க” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். இறங்கும்போது தும்மவில்லை.

அம்மா வந்ததும், அவர்கள் ஜோகூர் இடத்துக்கு அவசரப்படுகிறார்கள், நம்மால் காத்திருக்கச் சொல்ல முடியவில்லை என்றேன். அது என் இரண்டாவது பொய். அம்மா தண்டலைத் திட்டினார். ‘பெரிய வாக்கு’ என்றார். தம்பியிடம் அம்மாதான் சொன்னார். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். “சரிம்மா” என்றான். இன்னொரு கரண்டி ரசம் கேட்டான். சாப்பிட்டுவிட்டு கராஜுக்குப் போனான்.

கொசுவலையை நான் அவனிடம் கொடுத்திருக்கலாம். நானே வாங்கினதாகச் சொல்லும்படி அதைக் கொண்டுவந்தவரே சொல்லியிருந்தார். ஆனால் அந்த நீலத் தையலை அவன் கையில் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. என் மனைவி பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, “பிள்ளைக்கா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஜாலான் புசாரில் வாங்கினேன் என்றேன். அன்றிலிருந்து அது என் மகனின் தொட்டில் மேல் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி வருவான். தொட்டில் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, வலைக்கு வெளியே இருந்தபடி நாக்கை நீட்டி, கண்ணை உருட்டிப் பிள்ளைக்கு வேடிக்கை காட்டுவான். அவன் கைகளிலும் கழுத்திலும் கொசுக்கடித் தழும்பு இருக்கும். “சித்தப்பன உள்ள விட மாட்டியாலா?” என்று பிள்ளையிடம் கேட்பான். பிள்ளை சிரிக்கும். நான் பேப்பர் படித்துக்கொண்டிருப்பேன்.

ஜோகூரில் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனது. நான் பரீட்சையில் தேறினேன். சம்பளம் ஏறியது. மூன்றாவது பட்ஜெட்டை ஒரே நாளில் போட்டேன். மூன்று கடை விலை கேட்கவில்லை, எதிர்பாராத செலவு எழுதவில்லை. தவுக்கேயிடமே முழுப் பணமும் கொடுத்துக் கதவை வாங்கினேன். அளவுக்குத் தம்பி ஆணியிலிருந்து அந்தக் கயிற்றை எடுத்துக் கொடுத்தான். தூசி படிந்து விறைத்திருந்தது. கதவு மாட்டிய அன்று அம்மா தேங்காய் உடைத்தார். பக்கத்துச் சந்துக்காரர்கள், தவுக்கேயின் ஆட்கள், எல்லாரும் ஆளுக்கொரு தடவை கதவை இழுத்து விட்டுப் பார்த்தார்கள். கடகடவென்று அழகான சத்தம்.

“இனிமே கள்ளன் வந்தா டிக்கெட் வாங்கிட்டுத்தான் உள்ள வரணும்” என்றான் தம்பி. எல்லாரும் சிரித்தார்கள்.

“இன்னிக்காவது வீட்டுல வந்து படுடா” என்றார் அம்மா.

அவன் வந்தான், சாப்பிட்டான். மாடியில் சுற்றிப் பார்த்தான். ஒரு அறையில் நானும் மனைவியும் தொட்டிலும். இன்னொன்றில் அம்மாவின் பாயும் சமையல் சாமானும். “புதுக் கதவும்மா. ஒரு நாள் பக்கத்துல இருந்து பாத்துட்டு, நாளைக்கு வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் போனான். மறுநாளும் அதையே சொன்னான். கதவு பழசாயிற்று. அவன் உள்ளேயிருந்து பூட்டிக்கொண்டு அதே கேன்வாஸ் கட்டிலில், இப்போது வாசலை விட்டுத் தள்ளிப் போட்டு, படுத்துக்கொண்டான். வேறு பெண் பார்க்கலாம் என்று அம்மா சொல்லும்போதெல்லாம், “பாக்கலாம்மா” என்பான். அம்மா போன பிறகு அதைச் சொல்லவும் ஆளில்லை.

நாடு மலேசியாவிலிருந்து தனியாகிச் சில வருடங்கள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கராஜுக்குப் போனேன். எங்களுக்கு அரசாங்க வீடு கிடைத்திருந்தது; மூன்று அறை. அதில் ஒன்றில் வந்து இருந்துகொள் என்று அவனிடம் சொல்லப் போனேன். மனைவி வீட்டைக் காலி செய்யும்போது சேர்ந்த பழந்துணி மூட்டையைத் துடைக்க உதவும் என்று என் கையில் கொடுத்து அனுப்பியிருந்தாள். கராஜ்காரனுக்குப் பழந்துணியைவிட நல்ல பரிசு கிடையாது. தம்பி மூட்டையை அவிழ்த்தான். கையில் வந்த ஒரு துண்டை எண்ணெய்க் கிண்ணத்தில் தோய்த்து, மடக்குக் கதவின் கணுக்களைத் துடைத்துக்கொண்டே என்னோடு பேசினான்.

அந்தத் துண்டு நீல ஓரமிட்ட கொசுவலை. மகன் வளர்ந்து, வலை கிழிந்து, மனைவி அதை வெட்டிப் போட்டிருக்கிறாள்.

வீட்டைப் பற்றிப் பேச வந்தவன் அதைப் பேசவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பணத்தை எடுத்தது, தண்டல் வந்தது, அவன் பெயரில் நான் சொன்ன வார்த்தை, அம்மாவிடம் சொன்னது. அவன் துடைத்துக்கொண்டே இருந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

“அவரு வேற ஒண்ணும் சொல்லலையாண்ணே?” என்றான் கடைசியில்.

“எத?”

“வந்தாருல்ல. சும்மாவா வந்தாரு? வீட்டுல எதுவும் சொன்னாங்களா, என்னாச்சும்...”

அப்போது கொசுவலையைப் பற்றிச் சொன்னேன். பெண் இரண்டு மூன்று தரம் கேட்டதைச் சொன்னேன். தண்டல் சொன்ன வார்த்தைகளை மாற்றாமல் அப்படியே சொன்னேன். அத்தனை வருடமும் அவை எனக்கு மறந்திருக்கவில்லை.

தம்பியின் கை நின்றது.

“அந்தத் தொட்டில்ல தொங்குச்சே, அதுவா? நீல ஓரம் வெச்சது?”

“ஆமா.”

“அவங்களே தைச்சதா?”

“ஆமாடா.”

அவன் கையிலிருந்த துண்டை விரித்தான். ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான். கறுப்பு எண்ணெய் நீலத்துக்குள் ஊறிவிட்டிருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். பிழிந்து பார்த்தான். பெட்ரோலில் ஒரு மூலையை நனைத்துத் தேய்த்தும் பார்த்தான். கறை இன்னும் பரவியது.

“ஒரு பத்து நிமிசம் முன்னாடி சொல்லியிருக்கலாம்லண்ணே” என்றான். “இதுல எண்ணெய் துடைச்சிருக்க மாட்டேன்.”

பிறகு அதைக் கதவின் கம்பியில் காயப்போட்டுவிட்டு, மூட்டையிலிருந்து வேறொரு துணியை எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்த கணுக்களுக்கு எண்ணெய் போட ஆரம்பித்தான்.